கிளட்ச் பெடலில் ஒரு மரக்கட்டை

பிப்ரவரி 4

மாப்பிள்ளைக்கு,

முதலில் ஒரு திருத்தம். அந்த வண்டியை நான் விற்கவில்லை.

இதை உங்களுக்கு எழுதக் காரணம், எதிர் வீட்டில் இருக்கும் என் ஓரகத்தி வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பதுதான். "புருஷன் போய் வருஷம் திரும்பினதுதான் தாமதம், சக்களத்தியை வீட்டை விட்டுத் துரத்திட்டா" என்று காய்கறிக்காரரிடம் சொன்னாராம். காய்கறிக்காரர் என்னிடம் வந்து, "நல்ல விலைக்குப் போச்சாம்மா?" என்று கேட்கிறார்.

நான் வண்டியைத் துரத்தவில்லை. கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தேன். வீடு திரும்பிக் கண்கட்டை அவிழ்த்ததும் புதுக் கண்ணால் எதைப் பார்க்கலாம் என்று யோசித்து, நேரே பின்பக்க ஷெட்டுக்குப் போனேன். தரையில் ஒரு எண்ணெய்க் கறை தெரிந்தது. ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது. ஆபரேஷன் வெற்றிதான்.

மகளுக்குப் போன் செய்தேன். "உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதாம்மா. அவர்தான் வண்டியைச் சரி பண்றார்" என்றாள். யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்றேன். அழ ஆரம்பித்தாள். பிறகு கோபம் வந்துவிட்டது. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னால தபால்காரி வேலை பார்க்க முடியாது. எதுவா இருந்தாலும் அவருக்கே எழுது" என்று வைத்துவிட்டாள்.

ஆகவே எழுதுகிறேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நீங்களும் நானும் நேருக்கு நேர் பேசியது "சாப்பிட்டீர்களா", "ஆச்சு அத்தை" இவ்வளவுதான். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு பல் டாக்டருக்கு ஐம்பது வருஷம் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரில் என்ன வேலை என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அதுவும் பெட்டிக்குள் பெட்டி வைத்தது போல நெருக்கி அடைத்த எஞ்சின் கொண்ட, இரண்டே இருக்கை உள்ள வண்டி. ஒரு சின்னத் திருகாணி தொலைந்தாலும் கிடைக்காது.

இதுவரை என்னென்ன செய்திருக்கிறீர்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதவும். கடிதத்துக்குத் தேதி போடவும்.

அத்தை

*

வியாழக்கிழமை (க்ளினிக்கில் காலண்டர் இல்லை, மன்னிக்கவும்)

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வேலையில் கவனம் இல்லை. இன்று காலை ஒரு பெரியவருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டியிருந்தது. நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

வண்டியைத் திருடவில்லை. உங்கள் மகளிடம் ஷெட் சாவி இருந்தது. நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது எடுத்தால்தான் சர்ப்ரைஸ் என்று அவள் சொன்னாள். அப்போது அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

விஷயம் இதுதான். இங்கே பழைய கார் சங்கத்தார் ஒரு கூடம் கட்டியிருக்கிறார்கள். ஏப்ரலில் மாமாவின் பிறந்த நாள் அன்று, வண்டியை அங்கே நிறுத்தி, பக்கத்தில் மாமாவின் படம் வைத்து, கீழே பித்தளைத் தகட்டில் அவர் பெயரையும் பொறிக்க ஏற்பாடு. உங்கள் மகள் வாக்குக் கொடுத்துவிட்டாள். அப்பாவின் வண்டி ஷெட்டில் எலி கடித்துச் சாகக் கூடாது என்று சொன்னாள். எனக்கும் அது சரி என்று தோன்றியது.

பல் டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். அத்தை, இது முழுக்க முழுக்க பல் வேலைதான். தரைத் தகட்டில் சொத்தை. கதவுக்கு அடியில் சொத்தை. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, குத்திப் பார்த்தால் ஊசி உள்ளே போய்விடுகிறது. நல்ல தகடு வரும்வரை சுரண்டி, புதுத் தகடு வைத்து அடைக்க வேண்டும். க்ளினிக்குக்குப் பின்னால் இருக்கும் மெக்கானிக்கின் பட்டறையில்தான் வண்டி நிற்கிறது. பேஷண்ட் இல்லாத நேரம் நானும் சுரண்டுகிறேன். அவர் என்னை "டாக்டர், வாய் கொப்புளிக்கச் சொல்லட்டுமா?" என்று கேலி செய்கிறார்.

செய்தவை: பெட்ரோல் டாங்க்கைக் கழற்றிக் கழுவினோம். உள்ளே இருந்தது பெட்ரோல் இல்லை, வார்னிஷ். பிரேக் சிலிண்டர்கள் இறுகிப் போயிருந்தன, பிரித்துப் புது ரப்பர் போட்டோம். கதவு ரப்பருக்கு அடியில் வெயில் படாத பெயின்ட் கொஞ்சம் கிடைத்தது. எங்களிடம் பல் நிறம் பார்க்கும் அட்டை இருக்கிறதே, அதை வைத்துப் பொருத்திப் பார்த்தேன். நாம் வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தது வெள்ளையே இல்லை. தினம் நாலு காபி குடிப்பவரின் முன்பல் நிறம்.

ஓட்டுநர் சீட் முன்னால் தள்ளிய நிலையில் துருப்பிடித்து நின்றிருந்தது. மாமா ஆறடி ஆள், எப்படி உட்கார்ந்தாரோ! எண்ணெய் போட்டுப் பின்னால் தள்ளிவிட்டேன். கிளட்ச் பெடலில் யாரோ ஒரு மரக்கட்டையைப் போல்ட் போட்டு வைத்திருந்தார்கள், கழற்றிவிட்டேன். முன் சக்கரங்களுக்கு மேலே அவ்வளவு தூரத்தில் இரண்டு கண்ணாடிகள் இருக்கின்றனவே, அவை ரெண்டும் கோணலாக நின்றன. நேராக்கிவிட்டேன்.

உங்களுக்குச் சந்தோஷம் என்று நினைத்துத்தான் செய்தேன்.

உங்கள் மாப்பிள்ளை

*

பிப்ரவரி 17

மாப்பிள்ளைக்கு,

தாவாங்கட்டையில் ஊசி போட்டபின் நோயாளியைக் கேட்கும் வழக்கம் உங்களுடையது என்று தெரிகிறது.

துருவைச் சுரண்டியதற்கு நன்றி. பிரேக்குக்கும் நன்றி. நிறத்தை நீங்கள் வர்ணித்த விதத்துக்கு நன்றி சொல்ல முடியாது. அந்த வண்டி யாருடைய பல்லும் அல்ல.

இப்போது கவனமாகப் படியுங்கள்.

சீட்டை மறுபடி முன்னால் இழுங்கள். எங்கே நின்றதோ அங்கேயே நிற்க வேண்டும். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு போன இடமும் போகாத இடமும் தெரியும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கண்ணாடிகளை நேராக்கச் சொல்லி உங்களை யார் கேட்டது? அவை கோணலாக இல்லை. அந்த மரக்கட்டை எங்கே? கழற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள், எங்கே வைத்தீர்கள் என்று எழுதவில்லை. பட்டறையில் கழற்றியதை எங்கே போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். போய்த் தேடுங்கள். காரணம் கேட்க வேண்டாம்.

கூடம் பற்றி. நான் அப்படி ஒரு கூடத்தைப் பார்த்திருக்கிறேன். சுற்றிக் கயிறு கட்டி, "தொடாதீர்கள்" என்று பலகை வைத்து, டயருக்குக் கறுப்புப் பாலிஷ் போட்டு, எஞ்சினில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் நிறுத்தியிருந்தார்கள். வரிசையாக நின்றவர்கள் வண்டியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். பிணத்துக்கு அலங்காரம் செய்து வைத்தது போலிருந்தது.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கண் டாக்டர் போன வாரம் பார்த்தார். தூரத்துப் பலகையின் கடைசி வரி வரை வாசித்தேன். "இனி என்ன பண்ணப் போறீங்கம்மா?" என்றார். "வண்டி ஓட்டப் போகிறேன்" என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திவிட்டார். லைசென்ஸைப் புதுப்பிக்கச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்.

வண்டி கூடத்துக்குப் போகாது. ஷெட்டுக்கு வரும். நான் அதை ஓட்டுவேன்.

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்.

அத்தை

*

பிப்ரவரி 26 (காலண்டர் வாங்கிவிட்டேன்)

அன்புள்ள அத்தைக்கு,

கட்டை கிடைத்துவிட்டது. மெக்கானிக் அதை வேறொரு வண்டியின் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்தார். அவர் வேறு கட்டை தேடும்வரை நான் அந்த வண்டியின் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

துடைத்துப் பார்த்தேன் அத்தை. பட்டறையில் கையில் கிடைத்ததை வெட்டி மாட்டினது என்று நினைத்திருந்தேன், தவறு. பெடலின் வளைவுக்குச் சரியாக அடிப்பக்கம் குடைந்திருக்கிறது. மேல்பக்கம் கால் வழுக்காமலிருக்கக் குறுக்கே கோடு கோடாக வரி போட்டிருக்கிறார்கள். நடுவில் வரிகள் தேய்ந்து மழுங்கி ஒரு பள்ளம். சின்னக் கால் ஒன்று பதிந்த பள்ளம். நீங்கள் காரணம் கேட்கக் கூடாது என்று எழுதியிருந்ததால் நான் கேட்கவில்லை. சீட்டையும் பழைய இடத்துக்கே இழுத்துவிட்டேன். கண்ணாடிகளைத்தான் முன்பு இருந்தபடி திருப்ப முடியவில்லை. எப்படி இருந்தன என்று எனக்கும் மெக்கானிக்குக்கும் ஞாபகம் இல்லை.

உங்கள் மகளிடம் சொன்னேன். அப்படியே எழுதுகிறேன், கோபிக்காதீர்கள்.

"அம்மா ஓட்டுறதா? இந்த வயசுலயா? அதுவும் அந்த வண்டியையா?"

"லைசென்ஸ் இருக்காமே."

"எந்தக் காலத்திலயோ எடுத்து வச்சிருப்பா. அம்மாவுக்கு அந்த வண்டின்னாலே ஆகாதுங்க. வீட்ல எல்லாரும் அதுக்குச் சக்களத்தின்னுதானே பேர் வச்சிருந்தாங்க? அப்பா ஞாயித்துக்கிழமை அதை வெளிய எடுத்தா தெருவே அதிரும். அப்படி ஒரு சத்தம்! அம்மா பக்கத்துல பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருப்பா. அப்பா வேற எந்த வண்டியையும் தொடவே மாட்டார், தெரியுமா? குடும்பமா எங்க போனாலும் வாடகை வண்டிதான். 'நான் ஒருத்திக்குத்தான் டிரைவர்'னு சொல்வார்."

அவள் மறுபடியும், "சங்கத்துக்கு வாக்குக் கொடுத்தாச்சு. தகட்டுல பேர்கூட வெட்டக் கொடுத்தாச்சு. அப்பாவுக்காக நான் பண்றது இது ஒண்ணுதான். அதை நிறுத்தணும்னா எனக்கு ஒரு நல்ல காரணம் சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

அத்தை, அவள் கேட்பதும் நியாயமாகத்தான் படுகிறது. கையில் ஒரு காரணம் கொடுங்கள், நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.

இன்னொன்று. எஞ்சின் ஓடுகிறது. ஆனால் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இருமி அணைந்துவிடுகிறது. இரண்டு கார்புரேட்டர்; ஒன்று அதிகம் குடிக்கிறது, இன்னொன்று பட்டினி கிடக்கிறது. இதைப் பார்த்துச் சரிசெய்யும் ஆட்கள் இப்போது இங்கே இல்லை என்கிறார் மெக்கானிக்.

உங்கள் மாப்பிள்ளை

*

மார்ச் 5

மாப்பிள்ளைக்கு,

இதை எழுத நாலு நாள் எடுத்துக்கொண்டேன். முதலில் எழுதியதைக் கிழித்துவிட்டேன்.

என் கணவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

அவர் அந்த வண்டியை வாங்கியது உண்மை. துறைமுகத்தில் இறக்கிய அன்றே போய்ப் பார்த்துப் பித்துப் பிடித்துத் திரும்பியதும் உண்மை. ஒரு திருகாணி விடாமல் பிரித்து மாட்டத் தெரியும். ஆனால் எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். பயம் இல்லை என்பார், ஆனால் கண் மூடிக்கொள்ளும். முதல் வாரமே எங்கள் வீட்டுக் கேட்டை இடித்தார். அதன்பிறகு சாவியை என் கையில் கொடுத்து, "நீ ஓட்டு, நான் கேக்கிறேன்" என்றார். எஞ்சினைத்தான்.

எனக்கு ஓட்டத் தெரியும். எங்கள் கான்வென்ட்டில் பள்ளி வேனுக்கு டிரைவர் கிடைக்காத ஒரு வருஷம், கணக்கு மதரே ஓட்டினார். கடைசி வகுப்பில் என்னையும் இன்னொரு பெண்ணையும் கூப்பிட்டு விளையாட்டு மைதானத்தில் கற்றுக்கொடுத்தார். "கிளட்சை மிதிப்பதில் ஒன்றுமில்லை. விடுவதில்தான் இருக்கிறது" என்பார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாடங்களில் அதுதான் தினமும் உபயோகப்பட்டது.

நான் குள்ளம். சீட்டை முழுக்க முன்னால் இழுத்தும் கிளட்ச் எட்டவில்லை. அவர் என் செருப்பை வாங்கிப்போய் அளவெடுத்து, அந்தக் கட்டையை அவரே செதுக்கினார். வரி போட்டதும் அவர்தான்.

எங்கள் தெருவில் எதிர் வீடு அவர் அண்ணன் வீடு. நான் ஓட்டி அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த முதல் நாள், அண்ணன் வாசலில் நின்று, "என்னடா, பொண்டாட்டி ஓட்ட நீ ஓசியில வர்றியா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தார். இவரும் கூடவே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முதல் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். வாசலிலிருந்து தெரு முனை வரை அவர் ஓட்டுவார். முனையில், மாவு மில்லின் பக்கச் சுவருக்கு மறைவில் நிறுத்தி, இறங்கி இடம் மாறிக்கொள்வோம். திரும்பி வரும்போதும் அதே சுவர். மில்காரருக்கு மட்டும் தெரியும். அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டே சீட் என்பதால் மூன்றாவது ஆள் எங்களோடு வந்ததே இல்லை. ஞாயிறு காலைகளில் மகளை எதிர் வீட்டில் விட்டுவிட்டுப் போவோம். அவள் வாசலில் நின்று கையாட்டுவாள். அப்பா ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தாள், ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தாள். நடுவில் நடந்ததைப் பார்க்கவில்லை. என் கண்ணில் புரை விழும் வரை இது நடந்தது.

சக்களத்தி என்று பேர் வைத்தது என் ஓரகத்தி. அவர் வண்டியோடு கிடந்தார் என்பதால். நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

இது உங்களுக்கு மட்டும். உங்கள் மனைவிக்கு இல்லை. அவளுடைய அப்பாவை அவளிடமிருந்து எடுக்க எனக்கு உரிமை இல்லை. வேறு ஏதாவது காரணம் சொல்லுங்கள். வாயைத் திறக்க வைத்துப் பிழைக்கிறவர் நீங்கள், மூடி வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

கார்புரேட்டர் பற்றி. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு முழ நீளம் ரப்பர் குழாய் எடுத்து, ஒரு முனையைக் காதில், மறு முனையை முதல் கார்புரேட்டரின் வாயில் வைக்க வேண்டும். 'ஸ்ஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்கும். பிறகு இரண்டாவதில். இரண்டும் ஒரே சத்தமாகும் வரை திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். இன்னொருவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் பிடித்திருக்க வேண்டும். குழாயோடு நிற்கும் என் கணவர் ஒரு விரலைத் தூக்கினால் 'போதும்' என்று அர்த்தம், உள்ளங்கையைக் காட்டினால் 'விடு'. நாங்கள் பேசியதே இல்லை. பேசினால் சத்தம் கேட்காது.

அத்தை

*

மார்ச் 19

அன்புள்ள அத்தைக்கு,

ஒரு விஷயம் நடந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் பூட்டி வைத்தேன். காரணமாக என்ன சொல்வது என்று பத்து நாள் யோசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை. கல்யாணமானதிலிருந்து உங்கள் மகளிடம் எதையும் மறைத்துப் பழக்கம் இல்லை. சரி, முதலில் வண்டியாவது ஓடட்டும் என்று குழாய் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் ஊரில் இல்லை. பெடலை மிதிக்க ஆள் வேண்டும். அவளைக் கூப்பிட்டேன். அதில் இருக்கும் ஆபத்து எனக்கு உறைக்கவே இல்லை. என் புத்தி முழுக்கக் கார்புரேட்டரில் இருந்தது.

அவள் ஏறி உட்கார்ந்தாள். நீங்கள் சொன்னபடி சீட்டை முன்னால் இழுத்திருந்தேன், கட்டையையும் மாட்டியிருந்தேன். நான் பானெட்டைத் திறந்து, காதில் குழாயை வைத்துக்கொண்டு குனிந்தேன். எஞ்சின் ஓடுகிறது, 'ஸ்ஸ்' என்று நன்றாகவே கேட்கிறது. முதல் கார்புரேட்டர், இரண்டாவது, திருகாணி, மறுபடி முதல். அத்தை, ஒரு கட்டத்தில் இரண்டும் ஒரே சத்தமாகிவிட்டன. விரலைத் தூக்கினேன். அவள் எஞ்சினை அணைத்துவிட்டாள்.

நிமிர்ந்து பார்த்தால் அவள் குனிந்து காலடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இந்தக் கட்டை எனக்குச் சரியா இருக்கு" என்றாள்.

நான் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"அப்பா ஆறடி. இதை மாட்டிக்கிட்டு அப்பா எப்படி ஓட்டினார்?" பிறகு அவளே, "முழங்காலை மடக்கி உக்காந்துதான் ஓட்டுவார். ஏம்ப்பா இப்படின்னு கேட்டா, ரேஸ்காரங்க இப்படித்தான் உக்காருவாங்கன்னு சொல்வார்" என்றாள். சொல்லும்போதே குரல் மெதுவாகிவிட்டது. அவள் உயரம் உங்கள் உயரம் அத்தை. கால் அளவும் அதேதான். பள்ளத்தில் அவள் கால் போய் உட்கார்ந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். வாய் நிறையப் பஞ்சு வைத்த என் பேஷண்ட்களைப் போல நான் நின்றேன். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

இறங்கி வீட்டுக்குப் போய்விட்டாள். ராத்திரி சாப்பிடும்போதுதான் பேசினாள். கோபம் அப்பா மேல் இல்லை, உங்கள் மேல்தான். "ஏழாவது படிக்கும்போது 'என் தந்தை'ன்னு கட்டுரை எழுதினேன். அப்பா காத்து மாதிரி வண்டி ஓட்டுவார்னு ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அம்மாகிட்டதான் காட்டினேன். சிவப்புப் பேனாவை எடுத்து மூணு எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தா. பொய்யை அப்படியே விட்டுட்டா. ரெண்டு பேருமா சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்காங்க."

இதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது அத்தை.

உங்கள் மாப்பிள்ளை

*

மார்ச் 25

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் சொல்லவில்லை என்பதை நம்புகிறேன். அவர் செதுக்கியதே சொல்லிவிட்டது. அதற்கு நீங்களோ நானோ என்ன செய்ய முடியும்?

கட்டுரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிழை மூன்று அல்ல, நான்கு.

அன்று சாயங்காலம் அதை அவரிடம் கொண்டுபோனேன். ஷெட்டில் கையெல்லாம் கிரீஸோடு இருந்தார். "உங்கள் பெண் என்ன எழுதியிருக்கிறாள் பாருங்கள். இதைத் திருத்த வேண்டாமா? இன்னும் கொஞ்ச நாளில் அவளே கண்டுபிடிப்பாள். அப்போது கஷ்டப்படுவாள்" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, நின்றபடியே படித்தார். காற்று மாதிரி என்ற வரியை மறுபடி படித்தார். முகம் சிவந்துவிட்டது. நான் அவரைக் கல்யாணத்தில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

"இருக்கட்டுமே" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பிறகு, "நீ ஒண்ணும் நினைச்சுக்க மாட்டியே?" என்று கேட்டார். அந்த வரி யாருக்குச் சேர வேண்டியது என்று அவருக்குத் தெரிந்துதான் கேட்டார். "நான் என்ன நினைக்கப் போகிறேன், எழுத்துப்பிழையை மட்டும் திருத்தித் தருகிறேன்" என்றேன். அதைத்தான் செய்தேன்.

அவளை முட்டாளாக்க நாங்கள் நினைக்கவில்லை. அவர் தன் மகளிடம் ஒரு வரி வாங்கிக்கொண்டார். அதைத் திருப்பித் தர அவருக்கு மனம் வரவில்லை.

உங்கள் மனைவியின் கோபம் தணியும் வரை நான் வண்டியைப் பற்றிப் பேச மாட்டேன். லைசென்ஸ் வந்துவிட்டது. படத்தில் நான் யாரோ போல இருக்கிறேன். மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

அத்தை

*

ஏப்ரல் 3

அன்புள்ள அத்தைக்கு,

போன கடிதத்தை நான் சாப்பாட்டு மேசையில் மறதியாக வைத்துவிட்டேன். திறந்தபடி. தண்ணீர் ஜக்குக்குப் பக்கத்தில். என்னை நீங்கள் எப்படித் திட்டினாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

அவள் படித்தாள். படித்துவிட்டு மடித்து, ஜக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் சங்கத்தாருக்குப் போன் செய்து, "வண்டி வராது, மன்னிச்சுக்குங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவர்கள் காரணம் கேட்டிருப்பார்கள் போல. "ஓட்டுறவங்க இருக்காங்க" என்றாள்.

தகடு வெட்டி வந்துவிட்டது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

நேற்று பட்டறைக்கு என்னோடு வந்தாள். வண்டி தயார் அத்தை. தரைத் தகடு, பிரேக், பெயின்ட், கதவு ரப்பர் எல்லாம். நிறம் அதே நிறம்தான், அதற்கு உவமை சொல்ல மாட்டேன். அவள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அந்தச் சத்தம். தெருவே அதிருமே. அது ஃபர்ஸ்ட் கியர்தானே? அப்பா கியரே மாத்தலை, அதானே?" எனக்குத் தெரியாது என்றேன். எழுதிக் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

வரும் ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறு காலையில் வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். முழங்காலை மடக்கி உட்கார்ந்து பழகிவிட்டேன். அவளையும் வருகிறாயா என்று கேட்டேன். உங்கள் வயதைச் சொன்னாள், அந்தத் தெருவில் லாரி வருவதைச் சொன்னாள், ஆபரேஷன் ஆகி எத்தனை மாதம் என்று எண்ணினாள். கடைசியில், "கேக்க வேண்டியவங்க கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உங்கள் மகள் உங்களைப் போலவே இருக்கிறாள் அத்தை. இதை நான் புகாராகச் சொல்லவில்லை.

உங்கள் மாப்பிள்ளை

*

ஏப்ரல் 8

மாப்பிள்ளைக்கு,

வேலையை நன்றாகச் செய்திருக்கிறீர்கள். இதை நான் அடிக்கடி சொல்ல மாட்டேன். அதனால் இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன்னால் இதையும் சாப்பாட்டு மேசையில் மறதியாக வைக்கவும். ஜக்கை மட்டும் தள்ளி வையுங்கள், போன தடவை மூலையில் நனைந்திருக்கும்.

தெரு முனையில் நிறுத்த வேண்டாம். மாவு மில்லை இடித்து அங்கே இப்போது மருந்துக்கடை வந்துவிட்டது. மறைவும் இல்லை. நேரே வாசலுக்கு ஓட்டி வாருங்கள். என் ஓரகத்தி மாடியில் நின்று பார்ப்பார், பார்க்கட்டும். நீங்கள் இறங்கிச் சாவியைக் கொடுங்கள். நான் எங்கள் வாசலிலேயே ஏறிக்கொள்கிறேன்.

இனி எழுதுவது உங்களுக்கு இல்லை.

கண்ணம்மா,

ஆமாம், அது ஃபர்ஸ்ட் கியர்தான். கட்டை குறுக்கே நிற்க, முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க, அவரால் கிளட்சை இரண்டாவது தடவை மிதிக்க முடியாது. அதனால் முனை வரைக்கும் அந்த ஒரே கியரில் கத்திக்கொண்டு போகும். சீட்டைத் தள்ளிக்கொள்ளுங்கள் என்று நான் பலமுறை சொன்னேன். "தள்ளினா மறுபடி உன் அளவுக்கு வராது, எனக்கு முனை வரைக்கும்தானே" என்பார். நீ வாசலில் நின்று கையாட்டுவாய். அவர் பதிலுக்குக் கையாட்ட மாட்டார், ஞாபகம் இருக்கிறதா? ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கப் பயம். ஆனால் முனையில் இறங்கியதும் ஒவ்வொரு வாரமும் என்னிடம் கேட்பார்: "பார்த்தாளா?"

பார்த்தாள் என்பேன்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாயாம். உண்மைதான். கியர் கத்துகிற கத்தலை வேறு எப்படித் தாங்குவது?

தகட்டை எறியாதே. ஷெட்டில் அவர் கருவிகள் மாட்டியிருக்கும் பலகைக்கு மேலே அடித்துக்கொள்ளலாம். அங்கே அவர் பெயர் பொருத்தமாக இருக்கும்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். அந்த வண்டியில் கண்ணாடிகள் முன் சக்கரங்களுக்கு மேலே இருக்கின்றன. உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டாது. ஓட்டுபவர் சீட்டில் இருந்துகொண்டு சொல்லச் சொல்ல, இன்னொருவர் வெளியே நின்று திருப்ப வேண்டும். அது உன் அப்பாவின் இடம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும் என்று நான் சொல்வேன். அவர் அப்படியே நிறுத்துவார். உன் வீட்டுக்காரர் நேராக்கி வைத்துவிட்டார், இப்போது எனக்குப் பின்னால் வருவது எதுவும் தெரியாது. தெரியாமல் நான் வண்டியை நகர்த்த மாட்டேன். லாரியைப் பற்றிய உன் கவலை அதில் பாதி தீரும். மீதிப் பாதிக்கு, திருப்பி முடித்ததும் மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொள். அந்த சீட்டில் நீ உட்கார்ந்ததே இல்லை.

ஞாயிறு காலை வருவாயா? போன் செய்ய வேண்டாம். எழுதி அனுப்பு, தேதியோடு.

அம்மா